உள்குத்தகை சுயாட்சி

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் தூரத்தில் 'டமார்' என்று கேட்டால் டீக்கடையில் இருப்பவர்கள் உடனே எழுந்து ஓட மாட்டார்கள். முதலில் காதைத் தீட்டுவார்கள். வெடித்துப் பார்த்த சாம்பிள் வெடியா, பட்டாசு ஆலையில் அறை போன சத்தமா என்று இந்தப் பக்கத்துக் காதுகளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். அறை போன சத்தம் என்றால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" புகை எழும் திசையைப் பார்த்து யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வி, "எந்த லைசென்ஸ், அண்ணாச்சி?"

வெளியூர்க்காரருக்கு இந்த இரண்டாவது கேள்வி விளங்காது. எத்தனை உயிர் போனது என்று கேட்காமல் லைசென்ஸைக் கேட்கிறார்களே, கல்நெஞ்சக்காரர்களா என்று நினைப்பார். கல்நெஞ்சம் இல்லை, அனுபவம். எத்தனை பேர் என்பது சாயங்காலம் டிவியில் வந்துவிடும். அடுத்த ஒரு வாரம் எந்த ஆபீஸ் எந்த ஆபீஸைக் கைகாட்டும் என்பது லைசென்ஸைப் பொறுத்தது.

லைசென்ஸ் மூன்று வகை. 15 கிலோ வரை வெடிமருந்து என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் கையெழுத்துப் போதும். அது டி.ஆர்.ஓ. லைசென்ஸ். கூடினால் சென்னை லைசென்ஸ். அதற்கும் மேலே போனால் நாக்பூர் லைசென்ஸ். நாக்பூரில் ஆரஞ்சு விளைகிறது. கூடவே பெசோ என்கிற மத்திய வெடிபொருள் துறையின் தலைமையகமும் இருக்கிறது. கரிசல் காட்டில் ஒருத்தி பிஜிலி வெடிக்குத் திரி வைக்கலாமா, எத்தனை கிலோ மருந்து பக்கத்தில் இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்பதையெல்லாம் ஆரஞ்சு விளையும் ஊர் முடிவு செய்கிறது.

ஏன் நாக்பூர்? எல்லாம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை செய்த வேலை. அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பிரித்த பாகப்பிரிவினைப் பத்திரம் அது. மத்திய அரசு என்கிற அண்ணனுக்கு ஒரு பட்டியல், மாநிலம் என்கிற தம்பிக்கு ஒரு பட்டியல், இருவரும் சேர்ந்து சண்டை போட ஒரு பொதுப் பட்டியல். அண்ணன் பட்டியலில் ஐந்தாவது வரியைப் படியுங்கள். படைக்கலன், சுடுகலன், தோட்டா, வெடிபொருள். ஒரே வரி. எந்திரத் துப்பாக்கியும், பண்ணையார் வீட்டுச் சுவரில் தொங்கும் ரெட்டைக்குழலும், உங்கள் பேத்தி பயந்து பயந்து பிடிக்கும் கம்பி மத்தாப்பும் அந்த ஒரே வரியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கின்றன.

பொதுப் பட்டியலில் 36-ஆவது வரி, தொழிற்சாலைகள். மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு வரிகள், பொது ஒழுங்கும் காவலும். எவ்வளவு நேர்த்தியான பாகப்பிரிவினை பாருங்கள். வெடிமருந்து டெல்லியுடையது. அது வெடிக்கும் கட்டடம் இருவருக்கும் பொது. வெடித்த பிறகு கூடும் கூட்டத்தை லத்தியால் விலக்குவது மாநிலத்தின் தனியுரிமை.

துப்பாக்கியிலிருந்து ஆரம்பிப்போம். அந்த ஐந்தாவது வரியில் மரியாதையாக நடத்தப்படுவது அதுதான்.

1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அப்போது ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. பிறகு சட்டம் நம் கைக்கு வந்தது. உரிமை காணாமல் போனது, ஒழுங்குமுறை மட்டும் மிஞ்சியது. 1959-இல் நாமே ஓர் ஆயுதச் சட்டம் போட்டுக்கொண்டோம். 2019-இல் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தோம். எனக்கு இதில் வருத்தம் இல்லை. நம் ஊரில் சைடு மிரர் உரசியதற்கே உருட்டுக்கட்டை வருகிறது. ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

நான் சொல்ல வருவது அரசாங்கத்தின் அக்கறையைப் பற்றி. வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து ஒரு விவசாயி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால், அவர் குலம் கோத்திரம் முதல் கோர்ட் வழக்கு வரை போலீஸ் விசாரிக்கும். கிடைத்தால் அந்த ஒற்றைத் துப்பாக்கிக்கு எண் உண்டு, புத்தகம் உண்டு, புதுப்பிக்கும் தேதி உண்டு. எத்தனை தோட்டா வாங்கினார் என்பதற்குக் கணக்கு உண்டு. தேர்தல் அறிவித்த மறுநாள் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி ஓலை வரும். ஒப்படைக்காவிட்டால் ஏட்டு வீட்டுக்கே வருவார். ஒரு துப்பாக்கிக்கு இத்தனை காவல். பெரும்பாலான துப்பாக்கிகள் வாழ்நாளில் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை.

அதே ஐந்தாவது வரியின் கடைசிச் சொல்லுக்கு வாருங்கள். வெடிபொருள். டன் கணக்கில். நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த ஒரு வட்டாரத்தில் தயாராகிறது. இதற்கு எத்தனை ஏட்டு வருவார்?

ஆய்வுக் குழு வருகிறது என்றால் ஆலைகளுக்கு முதல் நாளே தெரியும். அன்று பல ஆலைகள் பூட்டியிருக்கும். குழுவின் ஜீப் ஊரைத் தாண்டியதும் பூட்டு திறக்கும். கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள் அதிகாரிகள். பற்றாக்குறை எப்போதும் ஆய்வு செய்யும் ஆளுக்குத்தான். உரிமம் கொடுக்கும் ஆளுக்கும் புதுப்பிக்கும் ஆளுக்கும் பஞ்சம் வந்ததாகத் தகவல் இல்லை.

விலக்கு கொடுக்க டெல்லிக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். காவிரி பிறக்கும் குடகுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே குடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரிதான் என்றது. அவர்கள் துப்பாக்கிக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள், நல்லது. ஒரு வட்டாரத்தின் வழக்கத்துக்காக ஒரு மத்தியச் சட்டம் ஒதுங்கி நின்று வழிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிவகாசியும் விலக்கு கேட்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலிருந்து பட்டாசுக்கு விலக்கு. அநேகமாக எல்லாக் கட்சி வேட்பாளரும் வாங்கித்தருவதாகச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறார்கள். ஆலை முதலாளிகளின் மனுவிலும் அதுதான் முதல் வரி. பட்டாசுக்கு விலக்கு. அதைச் செய்கிறவர்களுக்குச் சாவிலிருந்து விலக்கு என்று ஒரு மனு இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. அங்கே துப்பாக்கி உரிமை 1791-இல் அரசமைப்பிலேயே ஏறிவிட்டது. மத்திய அரசு அத்துமீறினால் எதிர்த்து நிற்கத்தான் அது என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். 2021-இல் மிசோரி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்களில் தனக்குப் பிடிக்காதவை தன் எல்லைக்குள் செல்லாது, அவற்றை அமல்படுத்த உதவும் போலீஸ் துறைக்கு அபராதம். 2023-இல் மத்திய நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கடாசியது.

பாவம் மிசோரிக்காரர்கள். சட்டசபையைக் கூட்டி, மசோதா எழுதி, ஓட்டெடுத்து, கோர்ட்டில் தோற்று... எவ்வளவு செலவு, எவ்வளவு அலைச்சல். விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் கற்றுக்கொண்டு போயிருக்கலாம். மத்திய அரசின் வெடிபொருள் சட்டம் இங்கே செல்லாது என்று நாங்கள் தீர்மானம் எதுவும் போடவில்லை. சட்டமே போடாமல் செல்லாததாக்கி வைத்திருக்கிறோம்.

எப்படி என்று கேட்பீர்கள். உள்குத்தகை.

 நாக்பூர் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலை நடத்த மாட்டார். அறை அறையாகக் குத்தகைக்கு விட்டுவிடுவார். வடக்குப் பக்கம் நான்கு அறை ஒருவருக்கு. தெற்குப் பக்கம் ஆறு அறை இன்னொருவருக்கு. குத்தகை எடுத்தவர் அதிலே இரண்டை மச்சினனுக்குக் கொடுப்பார். மச்சினன் காண்ட்ராக்ட் ஆளைப் பிடிப்பான். காண்ட்ராக்ட் ஆள் வேனை அனுப்பி ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிவருவான். கூலி பீஸ் ரேட். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு காசு. மருந்தோடு வேலை செய்கிறவர் அவசரப்படக் கூடாது என்பது விதி. அவசரப்பட்டால்தான் சோறு என்பது கூலி.

அறைக்கு நான்கு பேர் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அதை அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவைத்திருப்பார்கள். அந்த எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அறைக்குள் இடம் போதாவிட்டால் மரத்தடி. மரத்தடிக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் மரத்தடியில் விதிமீறலும் கிடையாது.

அதிகாரப் பரவல் என்று டெல்லியில் கருத்தரங்கு நடத்துகிறார்களே, அவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். மத்தியிலிருந்து முதலாளிக்கு, முதலாளியிடமிருந்து குத்தகைதாரருக்கு, அவரிடமிருந்து மச்சினனுக்கு, மச்சினனிடமிருந்து மரத்தடிக்கு. கடைக்கோடி மனுஷி வரை அதிகாரம் இறங்கிவிட்டது. எந்தக் கமிஷனும் சாதிக்காததை ஒரு வாய்மொழி ஒப்பந்தம் சாதித்திருக்கிறது. மாநிலங்கள் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்த சுயாட்சியை மருந்து அறைகள் கேட்காமலே எடுத்துக்கொண்டன. டெல்லியும் எட்டிப்பார்ப்பதில்லை. சென்னையும் எட்டிப்பார்ப்பதில்லை. பூரண சுயாட்சி.

சுயாட்சி என்ற சொல்லைக் கேலி செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கேலி செய்யும் தகுதி விருதுநகரில் யாருக்கும் இல்லை. இந்த ஊர்க்காரர் சங்கரலிங்கனார், காந்தியவாதி, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அப்போது முதலமைச்சர், அதே விருதுநகர் பெற்ற காமராஜர். மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி. யாரும் அசையவில்லை. அக்டோபர் 13 அன்று சங்கரலிங்கனார் உயிர் போனது. அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14 அன்று வந்தது. ஒரு பெயர்ப்பலகை மாற்ற 12 வருடமும் ஓர் உயிரும் பிடித்தது.

அதே 1969-இல் மத்திய மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு. 1971-இல் அறிக்கை. 1974 ஏப்ரலில் சட்டசபையில் மாநில சுயாட்சித் தீர்மானம். பிறகு டெல்லி தன் பங்குக்கு சர்க்காரியா, பூஞ்சி கமிஷன்கள். 2025 ஏப்ரல் 15 அன்று நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழுவைச் சட்டசபையில் அறிவித்தார் முதலமைச்சர் ஸ்டாலின். கல்வி, நீட், வரிப் பங்கு, ஆளுநரின் அடாவடி. அத்தனையும் நியாயமான வழக்கு. நானும் கைதட்டியவன்தான்.

அந்த அறிவிப்பு வந்த 77-ஆவது நாள், ஜூலை 1, சின்னக்காமன்பட்டியில் அறைகள் வெடித்தன. எட்டுப் பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

அரை நூற்றாண்டாகச் சுயாட்சிக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏழாவது அட்டவணையை மேடையில் கிழிகிழி என்று கிழிப்பார்கள். ஐந்தாவது வரியின் கடைசிச் சொல்லை எங்களுக்குக் கொடு என்று ஒருவரும் தொண்டை கிழியக் கத்தி நான் கேட்டதில்லை. ஏன் கத்த வேண்டும்? அதிகாரத்தை வாங்கினால் பொறுப்பும் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும். இப்போது எவ்வளவு சௌகரியம். நாக்பூர் லைசென்ஸ் ஆலை வெடித்தால், "அது மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வருவது." டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆலை வெடித்தால் நாக்பூர்க்காரர் சொல்வார், "அது மாநில அரசின் வரம்பில் வருவது." லைசென்ஸே இல்லாத வீடு வெடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள், "அது சட்டவிரோதம்."

அதிகாரத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு அரசாங்கங்கள், பழி என்று வந்தால் எவ்வளவு பெருந்தன்மை! நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை இல்லை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது.

உச்ச நீதிமன்றத்தை விட்டுவிடக் கூடாது. 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் வழக்குப் போட்டார்கள், புகையில் எங்கள் நுரையீரல் கெடுகிறது என்று. நியாயமான வழக்கு, குழந்தைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று ராத்திரி 8 முதல் 10 வரை மட்டும். நாடு முழுவதற்கும்.

ராத்திரி எட்டு மணி. டெல்லியில் அப்போதுதான் தீபாவளி ஆரம்பிக்கும். தமிழனுக்கு அப்போது தீபாவளி முடிந்து, இட்லி தீர்ந்து, லேகியம் சாப்பிட்டு, புதுப்படமும் பார்த்துவிட்டுத் தூக்கம் வந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விடியற்காலை இருட்டில் முதல் வெடி வைக்கும் ஜனம் இது. அந்தச் சின்ன விவரம் அத்தனை பெரிய நீதிமன்றத்துக்கு எட்டவில்லை. தமிழ்நாடு அரசு மறுபடி டெல்லிக்குக் காவடி எடுத்தது. ஐயா, எங்கள் தீபாவளி காலையில் வருகிறது. சரி, இரண்டு மணி நேரத்தை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. அன்று தமிழ்நாடு வென்றெடுத்த சுயாட்சி அறுபதும் அறுபதும் நூற்றிருபது நிமிஷம். நேரம் தவறி வெடித்தவர்களை போலீஸ் தெருத் தெருவாகத் தேடிப்பிடித்து வழக்குப் போட்டது. வெடித்தவனைப் பிடிக்க ஆள் பற்றாக்குறை இல்லை, கவனித்தீர்களா?

இதே வழக்கில் 2020-இல் ஒரு காட்சி. தடைசெய்த ரசாயனம் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க, உச்ச நீதிமன்றம் சிவகாசிக்கு சி.பி.ஐ.யையே அனுப்பியது. வந்தார்கள். மாதிரி எடுத்தார்கள். பேரியம் இருந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்னால், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே நாளில் 38 பேர் செத்தார்கள். அந்த ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகளே சொன்னார்கள். நிறுத்திவைத்த உரிமத்தில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. செத்தவர்களில் பலர் முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். டீக்கடையில் உடனே எழுந்து ஓட மாட்டார்கள் என்று முதலில் சொன்னேனே, அந்தப் பாடம் முதலிப்பட்டியில் படித்தது. அந்த 38 பேருக்கு சி.பி.ஐ. வரவில்லை. பேரியத்துக்கு வந்தது.

சரி, யார்தான் குற்றவாளி? இத்தனை வருஷமாகப் போலீஸ் தேடிக்கொண்டிருக்கும் ஓர் ஆள் இருக்கிறான். பெயர் உராய்வு.

பேப்பரை எடுத்துப் பாருங்கள். "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக." 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், 20 பேருக்கு மேல். உராய்வு. 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம், பத்துக்கு மேல். அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியில் இன்னொன்று. 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை அருகே பத்துப் பேர். 2024 மே 9, செங்கமலப்பட்டி, அதே கதை. இவ்வளவு கொலை செய்தும் உராய்வு மேல் ஒரு குண்டர் சட்டம்கூடப் பாயவில்லை. அவனுக்குத் துணையாக அவ்வப்போது கோடை வெயிலையும் சேர்ப்பார்கள். போர்மேன் கைது. உரிமையாளர் தலைமறைவு. தனிப்படை அமைப்பு. தனிப்படை தேடிக்கொண்டிருக்கும்போதே முன்ஜாமீன். உள்குத்தகைக்காரர் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது, எனவே அவர் தலைமறைவாக வேண்டிய அவசியம்கூட இல்லை. டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த லைசென்ஸ், அண்ணாச்சி?" என்று கேட்பார்.

பிறகு இரங்கல். பிரதமர் நிதியிலிருந்து இரண்டு லட்சம், முதலமைச்சர் நிதியிலிருந்து மூன்று லட்சம். அச்சங்குளத்துக்கு அதுதான் விலை. 2025-இல் மாநிலம் நான்கு லட்சமாக உயர்த்தியது. மத்திய அரசை விட மாநில அரசு தாராளமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான் என்றால் கோபித்துக்கொள்வார்கள். பட்டாசுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தமிழ்நாட்டில் விற்றால் அதில் பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. அந்தப் பங்கில் மட்டும் "அது உங்கள் வரம்பு" என்று யாரும் ஒதுங்கியதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை. இரங்கல் அறிக்கையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்து அதிகாரிகள் நேரத்தை வீணாக்குகிறார்கள். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்துக்கா பஞ்சம்? நாட்டுக்கே காலண்டர் அடிக்கும் ஊர். ஒரு லட்சம் பிரதி மொத்தமாக அடித்துவிடலாம். "___________ கிராமத்தில் நிகழ்ந்த வெடி விபத்தில் ____ பேர் உயிரிழந்த செய்தி கேட்டு ஆற்றொணாத் துயரம் அடைந்தேன்." ஊர்ப்பெயருக்கும் எண்ணிக்கைக்கும் கோடிட்ட இடம். மேலே இரண்டு அரசு முத்திரையும் இருந்தால் ஒரே அச்சில் காரியம் முடியும். மொத்தமாக அடித்தால் தள்ளுபடியும் உண்டு. ஊரெல்லையில் போர்டு போட்டிருக்கிறார்களே, 80 சதவீதத் தள்ளுபடி என்று, அதுபோல. பெட்டியில் ஆயிரம் ரூபாய் என்று அடித்து இருநூறுக்கு விற்கும் வியாபாரம். அந்த இருநூறிலும் பேரம் பேசி ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பை இலவசமாக வாங்கிக்கொண்டு கார் ஏறுகிறோமே நாம், அந்தச் சாமர்த்தியத்தையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கோடிட்ட இடத்தை நிரப்பிய பிறகு, மிஞ்சியவர்கள் ஆபீஸ் ஏற வேண்டும். இந்தக் காட்சி எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். எந்த ஆபீஸாகவும் இருக்கலாம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கிளார்க். இந்தப் பக்கம் நடு வயது அம்மா, கையில் மஞ்சள் பை, பைக்குள் இறப்புச் சான்றிதழ்.

"எந்த லைசென்ஸும்மா?"

"தெரியலையே சார்."

"நாக்பூரா, டி.ஆர்.ஓ.வா? அது தெரியாம நான் எந்த ஃபைல்ல பார்க்குறது?"

"அவரு வேன்ல போவாரு, வேன்ல வருவாரு சார். சோறு கட்டிக் குடுத்து விட்டதுதான் எனக்குத் தெரியும். எந்த லைசென்ஸ்ல செத்தாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

கிளார்க் கெட்டவர் இல்லை. அவருக்கு ஃபைல் வேண்டும். ஏழாவது அட்டவணையை அவர் எழுதவில்லை. இரண்டு மாடி ஏறி, மூன்று ஆபீஸ் இறங்கி, கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவார்: ஆலையில வருகைப் பதிவேட்டுல உங்க வீட்டுக்காரர் பேர் இல்லை. ஆக, சட்டப்படி அவர் அன்று அங்கே வேலை செய்யவே இல்லை. வேலை செய்யாத இடத்தில் போய்ச் செத்திருக்கிறார்.

இந்த வட்டாரத்தில் யாரும் புரட்சி செய்யப்போவதில்லை. ஆடி 18-க்குப் பூஜை போட்டு விற்பனை ஆரம்பிப்பார்கள். வடக்கே இருந்து ஆர்டர் வரும். ஏதாவது ஒரு கட்சி எங்கேயாவது ஜெயிக்கும். கட்சி ஆபீஸ் வாசலில், 2018-இலேயே தடைசெய்த சரவெடியைப் பத்தாயிரம் வாலாவாகத் தெருநீளம் விரித்துவைத்துக் கொளுத்துவார்கள். பாதுகாப்புக்குப் போலீஸ் நிற்கும். மேடையில் மாநில உரிமை முழங்கும்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை இங்கே ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வரிசையில் நிற்பார். கையில் துணி சுற்றிய துப்பாக்கி. அப்பா காலத்துத் துப்பாக்கி, சுட்டு வருஷக்கணக்காகிறது. ஏட்டு அதை வாங்கி, எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, குழலுக்குள் ஒற்றைக்கண்ணால் பார்த்து, பேரேட்டில் பதிந்து, அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார். தோட்டா எத்தனை என்று கேட்பார். நாலு என்பார் பெரியவர். நாலையும் எண்ணி வாங்கி வைத்துக்கொள்வார்.

ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியவர் வெளியே வரும்போது, ஸ்டேஷன் வாசலை உரசிக்கொண்டு ஆலை வேன் ஒன்று போகும். ஜன்னலெல்லாம் தூக்குவாளியும் பெண்களும். பின்கதவில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே எத்தனை பேர் என்று ஏட்டு எண்ண மாட்டார்.